ராயபுரத்தில் வாய் திறக்காத பாடகி

கப்பல் படிக்கட்டில் இறங்கி வந்தவள் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தாள். "எனக்குப் பேச அனுமதி இல்லை. தயவுசெய்து கேள்வி எதுவும் கேட்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. படித்துவிட்டு, "எத்தனை நாளாக?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அசடு வழிந்தேன். பெட்டியை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா, வலிக்கிறதா, சென்னைக்கு முதல் தடவையா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே துறைமுக வாசல் வரை வந்துவிட்டேன். வாசலுக்குள் பதினான்கு கேள்வி கேட்டேன் என்று பிற்பாடு அவளே எழுதிக் காட்டினாள். அவள் எண்ணியிருக்கிறாள்.

இந்தத் தொடரை விடாமல் படித்துவருகிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். கப்பல் வந்தவுடன் காகிதக் கட்டோடு முதலில் ஏறுகிறவன் நான். மாலுமிக்குப் பல் வலித்தாலும், சமையல்காரருக்கு ஊரில் அப்பா இறந்துபோனாலும், கரையில் ஆகவேண்டியதைப் பார்ப்பது என் வேலை. இது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது.

இந்த முறை வந்தது பயணிகள் கப்பல். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பயணிகளுக்குப் பாடுகிற குழுவில் அவள்தான் பிரதான பாடகி. தென்னாப்பிரிக்காவில் கோசா இனத்துப் பெண். வயது முப்பத்து சொச்சம். உச்சத்தில் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது குரல் நாணில் ஒரு சின்ன ரத்தக்குழாய் உடைந்துவிட்டது.

கரையில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். தொண்டை டாக்டர் அம்மா அதைத் திரையில் காட்டினார். இரண்டு வெள்ளை நாடாக்கள், அதில் ஒன்றின் ஓரத்தில் குங்குமம் வைத்த மாதிரி ஒரு சிவப்பு. இருபத்தொரு நாள் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, இருமினால்கூட யோசித்து இரும வேண்டும் என்றார். மீறினால் தழும்பு விழும். அதன்பிறகு பேச வரும், பாட்டு வராது.

கப்பல் கொழும்பு, மாலத்தீவு எல்லாம் சுற்றிவிட்டு மூன்று வாரத்தில் திரும்பச் சென்னைக்கு வரும். அன்றைக்குக் குரல் தேறியிருந்தால் ஏறிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஊருக்கு விமான டிக்கெட்.

நடு எழுத்து

பாஸ்போர்ட்டில் Noxolo என்று இருந்தது. நான் "நோக்சோலோ" என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, நாக்கைக் கடைவாய்ப் பக்கம் ஒட்டி எடுத்து ஒரு சத்தம் எழுப்பினாள். அந்தக் காலத்தில் குதிரை வண்டிக்காரர்கள் குதிரையை முடுக்க எழுப்புவார்களே, அதே சத்தம். அவள் பெயரின் நடு எழுத்தே அதுதானாம். நாக்கு மட்டும் செய்கிற வேலை, தொண்டைக்கு அதில் பங்கில்லை. ஆகவே தன் பெயரில் அந்த ஓர் எழுத்தை மட்டும் சொல்ல டாக்டரின் தடை இல்லை.

நான் தமிழில் நொலோ என்று சுருக்கிக்கொண்டேன். அவளும் கட்டைவிரலை உயர்த்தினாள்.

முதலில் கம்பெனி அவளை ஒரு ஹோட்டலில்தான் தங்கவைத்தது. அங்கே மணிக்கொரு தரம் அறையில் போன் அடிக்கும். காலை உணவு வேண்டுமா அம்மா, துண்டு மாற்றவா அம்மா, ஏசி சரியாக இருக்கிறதா அம்மா. எடுக்காவிட்டால் கதவைத் தட்டுவார்கள். உபசாரத்திலேயே அவள் குரல் போய்விடும் போலிருந்தது. இரண்டாம் நாள் நான் போனபோது தலையணையைப் போன் மேல் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "மாடி ரூம் காலியாத்தானே கீது, கூட்டியாங்க" என்றாள். வேண்டிய படிவங்களை நிரப்பிக் கொடுத்துவிட்டு ராயபுரத்துக்கு அழைத்துவந்தேன்.

உலகத்திலேயே மௌனத்துக்குத் தகுதியில்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது எங்கள் தெருதான். இங்கே ஒருவர் தும்மினால் நாலு வீட்டிலிருந்து விசாரிப்பார்கள். எங்கள் வீட்டில் நானும் பேசுவேன், ஸ்டெல்லாவும் பேசுவாள், கேட்பதற்குத்தான் ஆள் கிடையாது. அங்கே கொண்டுபோய் இருபத்தொரு நாள் வாய் திறக்கக்கூடாத பெண்ணை வைத்தேன்.

நான் சொன்ன பொய்

வந்த மறுநாள் காலையிலேயே எட்டுப் பெண்கள் மாடிப்படியில் நின்றார்கள். முன்னால் நின்றது பிலோமினா. காசிமேட்டில் மீன் விற்கிறவள், தினம் எங்கள் வீட்டு வாசலிலும் கூடை இறக்குவாள். அவள் கடற்கரையில் ஏலம் கேட்டால் ரயில்வே கேட்டில் நிற்கிறவனுக்கு வஞ்சிரத்தின் விலை தெரிந்துவிடும். அப்படி ஒரு தொண்டை.

பேர் என்ன, எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா என்று பிலோமினா கேட்டாள். பதில் இல்லை. ஊமையா என்று என்னைக் கேட்டாள். நொலோ மரியாதைக்காகவாவது ஒரு வார்த்தை சொல்லலாமென்று வாயைத் திறந்துவிட்டாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தொண்டையில் கோளாறு என்று இந்தத் தெருவில் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? சாயங்காலத்துக்குள் நாற்பது வைத்தியம் வந்து இறங்கும். மஞ்சள் பால், மிளகு பனங்கற்கண்டு, சித்தரத்தைக் கஷாயம். கழுத்தைப் பிடித்துச் சொடக்கு எடுக்கிறவர் ஒருவர் வண்ணாரப்பேட்டையிலிருந்தே வருவார். ஒவ்வொருவரும் வாயைத் திற, நாக்கை நீட்டு, ஆ சொல்லு என்பார்கள்.

அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மாதாவுக்கு நேர்ச்சை. இருபத்தொரு நாள் பேசமாட்டாள்."

எட்டுப் பேரும் ஓரடி பின்னால் போனார்கள். எங்கள் ஊரில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் உண்டு. மொட்டை போடுகிறவர்கள் உண்டு. நாற்பது நாள் மீன் வாசனையே பிடிக்காதவர்கள்கூட உண்டு. பேசாமல் இருக்கிறேன் என்று நேர்ந்துகொள்வது மட்டும் இதுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. அதைவிடக் கடினமான நேர்ச்சை இருக்க முடியாது என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

சாயங்காலம் நொலோவிடம் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். சத்தம் வராமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

நோட்டுப் புத்தகத்தில் வந்த கதை

ஸ்டெல்லா அவளுக்கு நூற்றிருபது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அதில் எழுதி எழுதித்தான் அவள் தன் கதையைச் சொன்னாள். நான் படித்துத் தமிழில் ஸ்டெல்லாவுக்குச் சொல்வேன். எழுதுகிற வேகத்தைவிட நான் கேள்வி கேட்கிற வேகம் அதிகமாக இருந்ததால், முதல் நோட்டு ஆறு நாளில் தீர்ந்துவிட்டது.

அவள் பிறந்தது ஈஸ்ட் லண்டன் என்ற துறைமுக ஊரில். லண்டன் என்றதும் நான் மகாராணியைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டுவைத்தேன். அது ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறதாம். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வியாழக்கிழமை மத்தியானமானால் சிவப்புச் சட்டையும் வெள்ளைக் காலரும் போட்டுக்கொண்டு கோயில் பெண்கள் சபைக்குப் போய்விடுவார். அந்தச் சபையில் அம்மா மடியில் உட்கார்ந்துதான் நொலோ பாடக் கற்றாள். பெஞ்சியில் தட்டுவதுதான் தாளம், வாத்தியம் கிடையாது.

பதினைந்து வயதில் சாவு வீட்டில் பாட ஆரம்பித்தாள். அவர்கள் ஊரில் சனிக்கிழமைதான் அடக்கம். வாரத்தில் யார் போனாலும் சனிக்கிழமைவரை காத்திருப்பார்கள், சொந்தக்காரர்கள் வந்துசேரும்வரை தினமும் பாட்டு நடக்கும். இதைக் கேட்டுவிட்டு ஸ்டெல்லா, "நம்ம ஊரு மாதிரியேதான் கீது" என்றாள். அன்றைக்கே தெருவில் ஒரு சாவு ஊர்வலம் மேளத்தோடும் கானாப் பாட்டோடும் போயிற்று. நொலோ மாடிக் கைப்பிடிச் சுவரில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு கடைசி ஆள் திரும்பும்வரை நின்றாள்.

பிறகு ஒரு பெரிய கடையில் பில் போடுகிற வேலை. பில் சுருளிலேயே பாட்டு எழுதுவாளாம். அந்தக் காகிதத்தில் எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் டப்பாவைத் திறந்தால் வெள்ளைச் சுருள்தான் இருந்தது. அழுதுவிட்டு, ஞாபகம் இருந்ததை மட்டும் பாடிப் பார்த்தாளாம். மறந்துபோன பாட்டெல்லாம் மறக்கவேண்டிய பாட்டுதான் என்று எழுதியிருந்தாள்.

தான் பாடுவது சோல் இசை என்று எழுதியிருந்தாள். அது என்ன என்று கேட்டேன். கோயிலில் கடவுளிடம் கேட்கிற தொனியில், கோயிலுக்கு வெளியே மனிதர்களிடம் கேட்பது என்று எழுதினாள். அதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கேப்டவுன் ஹோட்டல்களில் பாடினாள். நண்பர்களோடு சேர்ந்து தன் பாட்டு ஒன்றைப் பதிவுசெய்தாள், உள்ளூர் ரேடியோவில் கொஞ்ச நாள் ஓடியது. இசைக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். குரல் பிரமாதம், பாட்டை மட்டும் ஆங்கிலத்தில் எழுது என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொந்தமாக ஓர் ஆல்பம் போடப் பணம் சேர்க்கலாமென்று கப்பலில் ஏறினாள். நாலு வருடமாக அடுத்தவர்கள் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறாள். தன் பாட்டில் ஒன்றைக்கூட கப்பலில் பாடவிடவில்லை.

"குரல் திரும்பாவிட்டால் என் பாட்டை யார் பாடுவார்கள்? அவை வேறு யாருக்கும் தெரியாதே" என்பது அந்த நோட்டின் கடைசிப் பக்கம். அதை மட்டும் ஸ்டெல்லாவிடம் படித்துச் சொல்லாமல் நோட்டை மூடிவிட்டேன்.

உச்சுக் கொட்டும் விருந்தாளி

இதற்குள் தெருப் பெண்கள் ஒரு முறையைப் பிடித்துவிட்டார்கள். மத்தியானம் பாத்திரம் துலக்கிவிட்டு ஒருவர் ஒருவராக மாடிக்கு வருவார்கள். நொலோ எதிரில் உட்கார்ந்து மனதில் இருப்பதை எல்லாம் கொட்டுவார்கள். குறுக்கே பேசாத ஒரு ஜீவனை அவர்கள் வாழ்நாளிலேயே இப்போதுதான் பார்க்கிறார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்பது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பரிதாபப்பட்டால் நாம் உச்சுக் கொட்டுவோம் இல்லையா, அதுவும் கோசா மொழியில் ஓர் எழுத்து. தொண்டை வேண்டாத எழுத்து. சொல்கிறவர் முகம் வாடினால் நொலோ அந்த எழுத்தைப் போடுவாள். அவர்களோ, ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிகிறது என்று சத்தியம் செய்தார்கள்.

வியாழக்கிழமைதோறும் சபை முடிந்ததும் அவள் அம்மா போன் செய்வார். அம்மா பேசுவார், இவள் உச்சுக் கொட்டியும் நாக்கைச் சொடுக்கியும் பதில் சொல்வாள். மூன்று விதச் சத்தம்தான். அரை மணி நேரம் அப்படியே பேசிக்கொண்டார்கள். ஸ்டெல்லா கதவருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தெருப் பெண்கள் நேர்ச்சையில் இருக்கிறவளிடம் தங்கள் வேண்டுதலையும் சேர்த்துவிட ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குப் பையன் பாஸாக வேண்டும். இன்னொருத்திக்கு மாடி வீட்டுக்காரி காலிபண்ண வேண்டும். பிலோமினா மட்டும் எதுவும் கேட்கவில்லை. கடைசி வாரத்தில்தான் மகள் ரீட்டாவை எர்ணாவூரிலிருந்து அழைத்துவந்தாள்.

ரீட்டாவுக்கு நிறைமாதம். இதற்கு முன் இரண்டு தடவை குழந்தை தங்கவில்லை. பிலோமினா நொலோவின் கையை எடுத்து மகள் வயிற்றில் வைத்தாள். அன்றைக்கு அந்தக் கூவுகிற தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. நொலோவும் உச்சுக் கொட்டவில்லை. கையை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் போனபிறகு எனக்கு எழுதிக் காட்டினாள்: "இனிமேல் இது பொய் இல்லை."

ஈ சொல்ல மாட்டாள்

வெள்ளிக்கிழமை டாக்டர். சனிக்கிழமை கப்பல். அதற்கு முந்தின வியாழக்கிழமை பிலோமினா ஓடிவந்தாள். ரீட்டாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நாள் தள்ளிப்போகிறது, ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. அவள் நேராக மாடிக்குப் போய் நொலோ எதிரில் கைகூப்பி நின்றாள்.

"யம்மா, ஒன்ன கும்புட்டுக் கேக்குறேன். எம்பொண்ணு வவுத்துல கீறது வெளிய வந்து அழுவுற வரிக்கும் வாயத் தொறக்காத."

நான் மொழிபெயர்க்க மறுத்தேன். ஸ்டெல்லா வயிற்றையும் வாயையும் தொட்டுக் காட்டிச் சொல்லிவிட்டாள். நொலோ தலையசைத்தாள்.

அவளுக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் டாக்டர் அறையில்தான் தெரிந்தது, நன்றாகவே புரிந்திருக்கிறது என்று. டாக்டர் அம்மா கருவியை உள்ளே விட்டு, நாண் நன்றாக ஆறியிருக்கிறது, இப்போது மெதுவாக ஈ என்று சொல் என்றார். நாண் அசைகிற விதத்தைப் பார்த்தால்தான் கப்பலில் ஏறுவதற்கான சான்றிதழ் கொடுக்க முடியும். நொலோ தலையை ஆட்டினாள். வலிக்குமோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று டாக்டர் தானே ஈ சொல்லிக் காட்டினார். நர்ஸ் ஈ சொன்னார். நானும் சொன்னேன். மூன்று பேர் ஈ என்று இளித்துக்கொண்டு நிற்க, அவள் நோட்டில் எழுதினாள்: "ஒரு குழந்தை பிறக்கவேண்டியிருக்கிறது."

டாக்டர் என்னைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு ஒரு தடவை பார்க்கிறேன், அதற்குமேல் என்னால் முடியாது என்றார்.

ஆட்டோவில் அவளிடம் மன்றாடினேன். நான் சொன்ன பொய்க்காக நீ உன் பிழைப்பை விடவேண்டாம் என்றேன். அம்மா சபையில் ஒருத்தி மற்றொருத்திக்காக உபவாசம் இருக்க ஒப்புக்கொண்டால் பாதியில் விடமாட்டார்கள் என்று எழுதினாள். உன் பாட்டு என்ன ஆவது என்று கேட்டேன். நோட்டை மூடினாள். தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள், கன்னம் நனைந்திருந்தது.

அவளுக்கும் ஆசை இருந்தது, பயமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்.

கூடை மாற்றுதல்

அவளை வீட்டில் இறக்கிவிட்டு, அதே ஆட்டோவில் பிலோமினாவைத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இன்னும் வலி எடுக்கவில்லை என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நேர்ச்சை கிடையாது, தொண்டையில் புண், நான்தான் பொய் சொன்னேன், நாளைக்கு அவள் ஈ சொல்லாவிட்டால் கப்பல் போய்விடும், அவள் பாட்டும் போய்விடும்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்தத் தொண்டையில் திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் முந்தானை நுனியை முறுக்கினாள்.

"பொய்யாவே ஆரம்பிச்சிருந்தா இன்னாணா? அந்தப் பொண்ணு இருவது நாளா வாயத் தொறக்கல. அது நெசந்தான?" என்றாள்.

முந்தானையை உதறிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவளும் என்ன மாரி தொண்டைய வச்சிப் பொழைக்கிறவளா? இத மொதல்லயே சொல்லக்கூடாதா நீ? பாரம் தாங்கலன்னா கூடையக் கீழயா போடுவோம்? பக்கத்துல கீறவ தலிக்கு மாத்திவுட மாட்டம்? எயிந்திரு, வூட்டுக்குப் போலாம்."

மீன்காரப் பெண்கள் நடந்துபோகும்போது கூடையைத் தரையில் வைப்பதில்லை. வைத்தால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். ஒருத்தி களைத்தால் இன்னொருத்தி தலைக்கு அப்படியே மாற்றிவிடுவார்கள். காசிமேட்டில் தினம் பார்க்கிற காட்சிதான். நேர்ச்சையையும் அப்படி மாற்றலாம் என்பது இருபது நாளாக நானும் ஸ்டெல்லாவும் யோசிக்காத ஒன்று.

வீட்டுக்கு வந்ததும், "இருணா, ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லாவிடம் கால் மணி நேரம் விடாமல் பேசினாள். நாளை எந்தப் படகு வரும், சங்கரா மீன் யாருக்குக் கொடுக்க வேண்டும், மருமகனிடம் என்ன சொல்ல வேண்டும் எல்லாவற்றையும். பேசித் தீர்த்துவிட்டு மாடி ஏறினாள்.

நொலோ கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிலோமினா அவள் முன்னால் நின்று, முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு நொலோவின் தலைக்கு மேல் இரண்டு கையையும் கொண்டுபோய், இல்லாத கூடையின் விளிம்பைப் பிடித்தாள்.

நொலோவின் ஊரிலும் பெண்கள் தலையில்தான் சுமக்கிறார்கள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கழுத்தைச் சற்றுச் சாய்த்துக் கொடுத்தாள். பிலோமினா கூடையைத் தூக்கித் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு கையால் சரிபார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு, தலையை ஆட்டாமல் நிமிர்ந்து படி இறங்கிப் போனாள். நானும் ஸ்டெல்லாவும் அப்படியே நின்றுவிட்டோம். ஸ்டெல்லா பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மணல் கலந்த குரல்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நொலோ ஈ சொன்னாள். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் கதவு திறப்பது போல ஒரு கீறல். அப்புறம் சத்தம். டாக்டர் அம்மா சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு மாதத்துக்கு, ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் கூடாது என்றார். நொலோ திரும்பி என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "நீங்கள் ரொம்பப் பேசுகிறீர்கள்" என்பது.

பத்து மணிக்குக் கப்பலில் ஏறினோம். காலி அரங்கில் ஒருவன் தரைவிரிப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். இசைக்குழுத் தலைவர் பழைய உச்சப் பாட்டைப் பாடச் சொன்னார். பாடினாள். உச்சத்துக்குப் போகிற இடத்தில் குரல் ஏறவில்லை. குரல் கீழே இறங்கி, மணல் கலந்தது போல இருந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார். சுருதியைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் தன் பாட்டு ஒன்றை எடுத்தாள். வாத்தியம் இல்லை. நாற்காலி முதுகில் விரலால் தட்டிக்கொண்டு, கோசாவில். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கையில் பைலோடு கதவோரம் நின்று அழுதேன். தரைவிரிப்புக்காரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டான்.

பெரிய அரங்கம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, தேநீர் குடிக்கிறவர்களுக்கு எதிரில், சின்ன அரங்கில் இரண்டு பாட்டு. அடுத்தவர் பாட்டின் சுருதி அவள் குரலுக்குப் பொருந்தாததால், தன் பாட்டைப் பாடினாள்.

அன்றைக்குக் கப்பலை விட்டு இறங்கி நேராகக் காசிமேட்டுக்குப் போனேன். பிலோமினா கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், வாய் பூட்டியபடி. விலையை விரலால் காட்டினாள். பேரம் பேசினால் கண்ணாலேயே எரித்தாள். சுற்றிலும் ஒரே கூட்டம், பாதிப்பேர் மீன் வாங்க வந்தவர்கள் இல்லை. என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள். பாடினாள் என்றேன். இரண்டு சங்கராவை எடுத்து என் பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரீட்டாவுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். அந்த வராந்தாவில் பிலோமினா போட்ட சத்தத்துக்கு, மூன்றாவது மாடியிலிருந்து நர்ஸ் இறங்கி வந்து அதட்டினாராம்.

பெயர்ப் பட்டியல்

அந்த ஒப்பந்தம் முடிந்ததும் நொலோ கப்பலை விட்டுவிட்டாள். தேநீர் அரங்கில் கேட்ட ஒருவர் மூலம் ஊரில் ஒரு சின்ன ஸ்டூடியோ கிடைத்தது. முதல் ஆல்பம் அமைதியாக வந்தது, அமைதியாகப் போயிற்று. இரண்டாவதுதான் பேசப்பட்டது. இப்போது வெளிநாட்டு இசை விழாக்களில் எல்லாம் பாடுகிறாள். குரலில் இந்தக் கரகரப்பு எப்படி வந்தது என்று பேட்டியில் கேட்டால், மெட்ராஸ் என்கிறாள்.

போன மாதம் மூன்றாவது ஆல்பம் தபாலில் வந்தது. அதில் ஒரு பாட்டில், நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடுகின்றன. நாலு தாளத்துக்கு ஒன்றுமே இல்லை. பிறகு அவள் குரல் மட்டும் தனியாக வருகிறது. அட்டையின் உள்பக்கம் யார் யார் என்ன வாசித்தார்கள் என்று பட்டியல் இருந்தது. டிரம்ஸ் இன்னார், கிட்டார் இன்னார், பியானோ இன்னார். அதற்கும் கீழே ஒரு வரி: மௌனம், பிலோமினா, காசிமேடு.

அட்டையை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். பிலோமினாவிடம் வரிவரியாகப் படித்துச் சொன்னேன். பாட்டையும் போனில் போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்தபோது, இதுதான் நீ என்றேன். கையிலிருந்த காரப்பொடி மீனைக் கீழே வைத்துவிட்டு உன்னிப்பாகக் கேட்டாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்வளவுதான். நாலு தாளம்."

"ரெண்டு நாளுணா. யாவாரத்தையும் பாத்துகினு, ரெண்டு நாளு முச்சூடும் வாயத் தொறக்காமக் கெடந்தேன். நாலு தாளந்தான் போட்டாளா அவ? போனப் போடு, நா பேசிக்கிறேன்."